குற்றாலத்துக்குக் கொண்டுபோன ஏழு பொட்டலங்கள்

2019 ஜூலையில், ஹாஸ்டல் தோழிகள் எட்டுப் பேர் பத்து வருடம் கழித்துக் குற்றாலத்தில் கூடினோம். போவது என்று முடிவான அன்றே, ஆளுக்கொரு கைவேலைப் பொருள் செய்து கொண்டுபோக வேண்டும் என்று யாரிடமும் சொல்லாமல் தீர்மானித்துவிட்டேன். ஐந்து வாரம் ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து ஏழு பொட்டலங்கள் கட்டினேன். அவற்றில் நான்கு, கொடுத்த இரண்டு நாளுக்குள் காலை வாரிவிட்டன.

வீட்டுக்கு வந்த பிறகு வெட்கம் ஒரு பக்கம், ஆர்வம் ஒரு பக்கம். கணக்கு எழுதும் பழக்கம் எனக்கு உண்டு. எந்தப் பொருளுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு செலவு என்று செய்யும்போதே நோட்டில் குறித்திருந்தேன். அதே நோட்டில், ஒவ்வொரு பொருளுக்கும் பிறகு என்ன ஆனது என்று ஒவ்வொருத்தியிடமும் கேட்டு எழுத ஆரம்பித்தேன். இந்தக் கட்டுரை அந்த நோட்டிலிருந்து வருவது. தோழிகளின் பெயர் போடவில்லை. எங்களுக்குள்ளேயே இப்போது வேலையை வைத்துத்தான் கூப்பிட்டுக்கொள்கிறோம்: டீச்சர், நர்ஸ், பேங்க், இப்படி.

நோட்டின் முதல் பக்கக் கணக்கு இது. டீச்சருக்கு நான்கு பட்டு நூல் வளையல், மூன்றரை மணி நேரம். நர்ஸுக்குப் பட்டு நூல் ஜிமிக்கி, இரண்டரை. பேங்குக்கு மணி கோத்த தொங்கல், ஒன்றரை. பெங்களூரில் இருப்பவளுக்குக் குரோஷா (கொக்கி ஊசிப் பின்னல்) போன் பை, 11. நீளமுடிக்காரிக்கு மூன்று கிளிப்பும் ஒரு ஹேர் பேண்டும், 4. கைக்குழந்தையோடு வந்தவளுக்குக் குரோஷா யானை, 9. சங்கரன்கோவிலில் தையல் கடை வைத்திருப்பவளுக்கு நான்கு ஸ்க்ரஞ்சி (முடி கட்டும் சுருக்கு வளையம்), 3. மொத்தம் 34.5 மணி நேரம். சாமான் செலவு 1,140 ரூபாய்.

யாருக்கு எது என்று எப்படித் தீர்மானித்தேன் என்று அந்தப் பக்கத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்போது அது எனக்கு உறைக்கவே இல்லை.

மாமியின் லேசு

எனக்குக் குரோஷா சொல்லித்தந்தது அடுத்த வீட்டு மாமி. அவர் வீட்டில் டிவி மேல், டீப்பாய் மேல், தண்ணீர்ப் பானை மூடி மேல் எல்லாம் வெள்ளை நூலில் பின்னிய துணி கிடக்கும். நாகர்கோவில்காரர்களுக்கு நூல்வேலை புதிதல்ல. 1820களின் தொடக்கத்தில் லண்டன் மிஷனைச் சேர்ந்த மார்த்தா மால்ட் என்பவர் இங்கே பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அவர் மகள் எலைசாதான் பிற்பாடு கால்டுவெல்லைக் கல்யாணம் செய்துகொண்டு இடையன்குடிக்குப் போய், அங்கேயும் லேஸ் வேலையைத் தொடங்கிவைத்தவர். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம் என்றதும் நினைவுக்கு வரும் அதே கால்டுவெல்தான். அந்த லேஸ் வேறு வகை. திண்டில் குண்டூசி குத்தி, குச்சிகளில் சுற்றிய நூலை மாற்றி மாற்றிப் போட்டுப் பின்னுவது. கொக்கி ஊசி ஒன்றை வைத்துக்கொண்டு செய்யும் குரோஷாவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. மாமிக்கு மட்டும் இரண்டும் ‘லேசு’தான்.

மாமியின் பாடம் சுருக்கம். “மக்ளே, நூலை இறுக்காத. கை தளர்ந்தா வேல தளரும், கை இறுகினா வேல முறுகும்.” பட்டு நூல் வளையலும் ஜிமிக்கியும் பேன்சி ஸ்டோரில் சாமான் வாங்கி, யூடியூப் பார்த்து நானே கற்றுக்கொண்டவை. அதாவது குரோஷாவில் எனக்கு ஒரு குரு உண்டு, நகையில் கிடையாது. ஏழு பொட்டலங்களின் கதையில் இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிந்தது.

அருவியில் போன சாயம்

டீச்சருக்குச் செய்த வளையல்கள் மெரூன் நிறம், நடுவில் ஸ்டோன் செயின். சனிக்கிழமை ராத்திரி லாட்ஜ் அறையில் பொட்டலத்தைப் பிரித்தாள். “ஏட்டி, கடையில வாங்குனது மாதிரியே இருக்கு” என்றாள். இதைவிடப் பெரிய பாராட்டு கைவேலை செய்பவளுக்குக் கிடையாது. அடுத்த நிமிடம், வளையல் கையில் ஏறவில்லை.

ஹாஸ்டலில் அவள் கை 2.6. அது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்ததால் கேட்கவே இல்லை. பத்து வருடம், இரண்டு பிரசவம். கை 2.8 ஆகியிருந்தது. அதோடு என் பக்கத்திலும் ஒரு தப்பு. வளையல் கடையில் ரெண்டு நாலு, ரெண்டு ஆறு என்று சொல்கிற அளவு தசமக் கணக்கு அல்ல. 2 அங்குலம், அதற்கு மேல் அங்குலத்தைப் பதினாறாகப் பிரித்து அதில் இத்தனை பங்கு என்று அர்த்தம். 2.4 என்றால் உள்விட்டம் இரண்டே கால் அங்குலம், சுமார் 57 மி.மீ. 2.6 சுமார் 60. 2.8 என்பது சரியாக இரண்டரை அங்குலம், 63.5 மி.மீ. ரெண்டு பத்து, ரெண்டு எட்டை விடப் பெரியதாக இருப்பதும் இதனால்தான். ஒரு அளவுக்கும் அடுத்த அளவுக்கும் நடுவே 3 மி.மீ. சொச்சம் மட்டுமே. நான் சுற்றிய நூலும் பசையும் உள்பக்கம் முக்கால் மி.மீ. தடிமன் இருந்தன. இரு பக்கமும் சேர்த்தால் ஒன்றரை. 2.6 என்று வாங்கிய வளையல், நான் நூல் சுற்றி முடித்தபோது 2.5 ஆகிவிட்டிருந்தது. அப்படி ஓர் அளவு எந்தக் கடையிலும் இல்லை.

டீச்சர் விடவில்லை. கையில் பாலித்தீன் கவரை மாட்டி அதன் மேல் வளையலைத் தள்ளி ஏற்றும் கடைக்காரர் வித்தை ஒன்று உண்டல்லவா, அதைச் செய்து நான்கையும் ஏற்றிவிட்டாள். காலையில் கழற்ற முடியவில்லை. சரி, இருக்கட்டும் என்று அப்படியே மெயின் அருவிக்கு வந்துவிட்டாள்.

பட்டு நூல் என்று பேன்சி ஸ்டோரில் விற்பது பெரும்பாலும் பட்டு இல்லை, ரேயான் அல்லது பாலியஸ்டர். நான் வாங்கியது ரேயான். மினுமினுப்பில் நிஜப் பட்டுக்கே சவால் விடும், ஆனால் நனைந்தால் வலு பாதிக்குப் பாதி போய்விடும். நான் ஒட்டியதோ காகிதத்துக்கும் மரத்துக்கும் போடுகிற வெள்ளைப் பசை. காய்ந்தால் கல் மாதிரி இருக்கும், தண்ணீரில் ஊறினால் மறுபடி பாலாகும். அருவி விழுகிற வேகம் வேறு. ஐந்து நிமிடத்தில் நூல் நுனி விட்டது. பத்து நிமிடத்தில் டீச்சரின் முழங்கையிலிருந்து மெரூன் வழிந்து, மஞ்சள் துப்பட்டாவில் இறங்கியது. பக்கத்தில் குளித்துக்கொண்டிருந்த ஒரு அம்மா, “கையில அடிபட்டிருக்கும்மா” என்று பதறினார்.

நூல் முழுக்க அவிழ்ந்ததும் வளையல்கள் மறுபடி 2.6 ஆகி, ஈரத்தில் வழுக்கிக்கொண்டு தாமாகக் கழன்றன. அன்றைக்கு எல்லோரும் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. நானும் சிரித்தேன். ராத்திரி தூக்கம் வரவில்லை.

திங்கட்கிழமை அரிப்பு

பேங்க் தன் தொங்கலைச் சனி ராத்திரி மாட்டி ஞாயிறு முழுக்கக் கழற்றாமல் இருந்தாள். திங்கட்கிழமை காலை, திருச்சிக்குப் பஸ் ஏறிய பிறகு போன். காது மடல் சிவந்து நீர் கசிகிறதாம்.

“எனக்குக் கவரிங் ஒத்துக்காதுடி. உனக்குத் தெரியும்னு நினைச்சேன்.”

எனக்குத் தெரியாது. தெரிந்திருக்க வேண்டும், கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். நம் ஊரில் ‘கவரிங் ஒத்துக்காது’ என்று சொல்வதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம்தான்: நிக்கல். மலிவான காதுக்கொக்கியில் பித்தளை மேல் நிக்கல் முலாம், அதன் மேல் ஒரு தங்க நிறப் பூச்சு. வியர்வை அந்தப் பூச்சைத் தாண்டி நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கும். உடம்பு ஒருமுறை அதற்குப் பழகி எதிர்க்க ஆரம்பித்துவிட்டால் வாழ்நாள் முழுக்க எதிர்க்கும். அரிப்பு உடனே வராது, ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் வரும். அதனால் மாட்டிய அன்று “ஒண்ணும் பண்ணலையே” என்று தோன்றுவதை நம்பக் கூடாது. ஐரோப்பிய நாடுகள் 1994இலேயே இதற்குச் சட்டம் கொண்டுவந்தன. இப்போது அங்கே காதில் துளைத்துப் போடும் கம்பி, ஒரு சதுர சென்டிமீட்டருக்கு வாரத்துக்கு 0.2 மைக்ரோகிராமுக்கு மேல் நிக்கல் விடக் கூடாது. நான் வாங்கிய கொக்கி, 50 ஜோடி ஒரு பாக்கெட். அதில் எதுவும் எழுதியிருக்கவில்லை.

கொக்கியில் நிறமில்லாத நெயில் பாலிஷ் அடித்துக்கொள்ளலாம் என்று பலர் சொல்வார்கள். அடிக்கலாம். நாலு தடவை போட்டால் உரிந்துவிடும், அப்புறம் அதே கதை. பேங்குக்கு வேறு வழி கண்டுபிடித்தோம், சொல்லப்போனால் அவள் அம்மாதான் கண்டுபிடித்தார். அவள் காதில் எந்நேரமும் தங்கத் தோடு இருக்கிறது. அந்தத் தோட்டின் தண்டில் கோத்துக் கீழே தொங்கவிடுகிற மாதிரி மாற்றித் தரச் சொன்னார். பழைய நாளில் தோட்டுக்கும் ஜிமிக்கிக்கும் இருந்த உறவே அதுதானே. நகைப்பட்டறையில் 92.5 வெள்ளியில் இரண்டு சின்ன வளையம் வாங்கி, கொக்கியை எடுத்துவிட்டு அதை மாட்டினேன். அரை மணி நேர வேலை. இன்றுவரை அந்தத் தொங்கல் உபயோகத்தில் இருக்கிறது. நான் செய்த நகைகளில் உயிரோடு இருப்பது அது ஒன்றுதான்.

நர்ஸின் ஜிமிக்கியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. டியூட்டியில் கையில் வளையலும் கூடாது, காதில் ஆடுகிறதும் கூடாது. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்கு இரண்டு தடவை போட்டாளாம். பெங்களூர்க்காரியின் போன் பை, நான் அதிக நேரம் செலவழித்த பொருள், மூன்று மாதத்தில் முட்டி வரை தொங்கியது. குரோஷா வாருக்கு எடை கொடுத்தால் நீண்டுகொண்டே போகும். உள்ளே ஒரு துணிப்பட்டை வைத்துத் தைத்திருக்க வேண்டும். மாமி பையைப் பார்த்துவிட்டு, “இதுல தேங்கா வாங்கினியா?” என்று கேட்டார்.

மொட்டை

ஹாஸ்டலில் எங்கள் எல்லோருக்கும் பொறாமை அவள் முடி மேல்தான். இடுப்புக்குக் கீழே. பின்னி முடித்தால் நுனியில் குஞ்சலம் கட்டலாம் போல இருக்கும். அவளுக்காக நான் செய்த மூன்று கிளிப்புகளும் அந்தப் பின்னலைக் கண் முன்னால் வைத்துச் செய்தவை. சின்னக் குரோஷா மல்லிகைகள், ஒவ்வொன்றும் ஐந்து இதழ், மெல்லிய பருத்தி நூலில் 1.5 மி.மீ. ஊசியால் போட்டது. கண் வலித்தது.

குற்றாலம் பஸ் ஸ்டாண்டில் அவள் இறங்கியபோது தலையில் துண்டு. திருச்செந்தூரில் மகனுக்கு முடியிறக்கப் போனவள், நேர்ந்துகொண்டபடி தானும் இறக்கிவிட்டு வந்திருக்கிறாள். மூன்று வாரம் ஆகிறது.

பொட்டலத்தைக் கொடுக்காமல் இருந்துவிடலாமா என்று யோசித்தேன். ஏழு பேரில் ஒருத்திக்கு மட்டும் இல்லை என்றால் அதைவிட மோசம். கொடுத்தேன். பிரித்துப் பார்த்து, ஒரு மல்லிகையை எடுத்துத் தலையில் வைத்தாள். அது வழுக்கி மடியில் விழுந்தது. “முருகன் வளத்துத் தருவான், அதுவரைக்கும் பீரோவுல இருக்கட்டும்” என்றாள்.

முடி மாதத்துக்கு ஒரு சென்டிமீட்டரிலிருந்து ஒன்றேகால் வரை வளரும். கிளிப் பிடிக்கக் குறைந்தது பத்து சென்டிமீட்டராவது வேண்டும். 2020 மே மாதம் அவளிடமிருந்து ஒரு படம் வந்தது, காதோரம் ஒரு மல்லிகை. பருத்தி நூல் பத்து மாதம் பீரோவில் கிடந்தும் மஞ்சளிக்காமல் இருந்தது எனக்கு ஆறுதல். ஹேர் பேண்ட் மட்டும் தேங்காயெண்ணெயில் பழுத்துவிட்டதாகச் சொன்னாள். வெல்வெட் துணி வாங்கியது என் தப்பு. தினம் எண்ணெய் வைக்கிற தலைக்கு வெல்வெட் ஆகாது. துவைத்தாலும் எண்ணெய் போகாது, தூசியும் சேரும்.

யானைக்குக் கண்

இது கொஞ்சம் பயந்த விஷயம்.

யானையை அடர்சாம்பல் நூலில் வட்ட வட்டமாகப் போட்டு, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு அடைத்தேன். இலவம்பஞ்சு வைத்தால் துவைத்த பிறகு கட்டி கட்டியாகும். தும்பிக்கை, காது எல்லாம் மாமியே குறை சொல்லாத அளவுக்கு வந்தது. கண்ணுக்கு இரண்டு கறுப்பு மணி. ஊசி நூலால் நாலைந்து தடவை குத்தி இறுக்கித் தைத்திருந்தேன். என் இழுப்புக்கு வரவில்லை.

குழந்தைக்கு ஒன்பது மாதம். அது இழுக்கவில்லை, சப்பியது. ஞாயிறு மத்தியானம் முழுக்க யானையின் முகம் அதன் வாயில் இருந்தது. எச்சிலில் நனைந்த நூல் தளர்ந்து, ஒரு கண் ஒற்றை இழையில் தொங்குவதைப் பார்த்தது துணைக்கு வந்திருந்த அதன் பாட்டி. ஒன்றும் சொல்லாமல் கத்தரிக்கோல் கேட்டு வாங்கி, இரண்டு கண்ணையும் வெட்டி எடுத்து என் கையில் வைத்தார். அப்புறம் யானையைக் குழந்தையிடம் திருப்பிக் கொடுத்தார்.

பொம்மைகளுக்கான சர்வதேசத் தரங்களில் இதற்கு ஒரு சோதனை இருக்கிறது. 31.7 மி.மீ. குறுக்களவுள்ள ஒரு சின்ன உருளை, கிட்டத்தட்ட அந்தக் காலத்து ஃபிலிம் ரோல் டப்பா அகலம். மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் பொம்மையிலிருந்து கழன்று வரும் எதுவும் அதற்குள் முழுசாக அடங்கினால், தொண்டையில் சிக்கும் அபாயம் உண்டு என்று கணக்கு. என் மணி 8 மி.மீ. கடையில் விற்கிற, பின்னால் வாஷர் போட்டு மாட்டும் பிளாஸ்டிக் கண்களும் குரோஷாவில் நம்பகமில்லை. பின்னல் ஓட்டை நெகிழ்ந்தால் வாஷரோடு வெளியே வந்துவிடும். கைக்குழந்தைக்கு என்றால் கண்ணை நூலாலேயே தைத்துவிடுவதுதான் வழி. திரும்பி வரும்போது யானையை வாங்கி வந்து, இரண்டு கண்ணையும் கறுப்பு நூலில் தைத்து அனுப்பினேன். தூங்குகிற மாதிரி ஆகிவிட்டது. அதுவும் அழகாகத்தான் இருந்தது.

விலை கேட்டவள்

ஏழில் ஆரம்பத்திலிருந்தே சிக்கல் இல்லாதது ஸ்க்ரஞ்சிதான். சாதாரண ரப்பர் பேண்டைச் சுற்றியே பருத்தி நூலில் போட்டது. (1987இல் ரோமி ரெவ்சன் என்ற அமெரிக்கப் பாடகி காப்புரிமை வாங்கிய சாமான் இது. முடி உடைகிறது என்பதற்காகத் தைக்கப் போய், தன் நாய்க்குட்டியின் பெயரை வைத்தாராம்.) தையல்காரி நான்கில் ஒன்றைக் கூந்தலில் போட்டுக்கொண்டாள், இன்னொன்றை அன்று ராத்திரியே என் கண்ணெதிரே பிரித்தாள். எத்தனை சங்கிலி, எத்தனை சுற்று என்று எண்ணி ஒரு பில் புத்தகத்தின் பின்பக்கம் எழுதிக்கொண்டாள். எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பொருளை அவ்வளவு உன்னிப்பாக வேறு யாரும் பார்க்கவில்லை.

“இதுக்கு என்ன வெல போடலாம்?” என்றாள்.

உட்கார்ந்து கணக்குப் போட்டோம். சாமான் 18 ரூபாய். நேரம் முக்கால் மணி. பேன்சி ஸ்டோரில் துணி ஸ்க்ரஞ்சி இருபது முப்பதுக்கு விற்கும்போது, கைவேலை என்று சொல்லி நாற்பது வைக்கலாம். மீதி 22. மணிக்கு 29 ரூபாய் சொச்சம். எட்டு மணி நேரம் விடாமல் போட்டு, போட்டதெல்லாம் விற்றால் நாளுக்கு 235. அந்த வருடம் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குக் கூலி 229. “அங்க மரத்தடியில உக்காந்து பேசிக்கிட்டாவது இருக்கலாம்” என்றாள் தையல்காரி. அதுவும் எட்டு மணி நேரம் தொடர்ந்து குரோஷா போட்டால் கட்டைவிரல் அடிமூட்டு மறுநாள் பேசும்.

குரோஷாவை அச்சு அசலாகப் போடும் இயந்திரம் இன்னும் தொழிற்சாலைகளுக்கு வரவில்லை. அந்த மாதிரித் தோற்றம் தரும் பின்னலாடை வேறு. ஆகவே, கடையில் 150 ரூபாய்க்கு நிஜக் குரோஷா தொங்கினால், எங்கோ ஒரு பெண்ணின் கை அதற்குள் இருக்கிறது. ஆந்திராவில் கோதாவரிக் கரை நரசாப்பூர் அதற்குப் பேர் போன இடம். 2024இல் அந்தக் குரோஷா லேஸுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. 1970களின் பிற்பகுதியில் மரியா மீஸ் என்ற ஜெர்மன் சமூகவியலாளர் அங்கே போய் ஆராய்ந்தார். நாளுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் லேஸ் போட்ட பெண்களை ஊரும் வியாபாரிகளும் ‘வீட்டில் சும்மா இருப்பவர்கள், பொழுதுபோக்குக்குச் செய்கிறார்கள்’ என்றே சொல்லிவந்ததையும், அந்த ஒரு சொல்லே கூலியை அடிமட்டத்தில் வைத்திருந்ததையும் அவர் எழுதினார். ‘சும்மா இருக்கும்போது போட்டதுதானே’ என்று என்னிடமும் சொல்லியிருக்கிறார்கள், பரிசு வாங்கியவர்களே, பாராட்டாக நினைத்து. 34.5 மணி நேரம் நான் சும்மா இருக்கவில்லை.

தையல்காரி குரோஷாவை விட்டுவிட்டாள். ஜாக்கெட் தைத்து மிஞ்சும் துணியில் மெஷினில் ஸ்க்ரஞ்சி தைத்து, ஜாக்கெட்டோடு சேர்த்து இலவசமாகக் கொடுக்கிறாள். புடவைக்கு ஏற்ற நிறம் என்பதால் ஜாக்கெட் ஆர்டரே கூடியது என்றாள். எனக்கு முன்னால் அவளுக்குப் புரிந்துவிட்டது.

பொத்தான் டப்பா

2020 மார்ச் 25 முதல் ஊரடங்கு. ஏப்ரல் முதல் வாரம் நர்ஸ் கூப்பிட்டாள். எங்கள் ஊரிலேயே ஓர் ஆஸ்பத்திரியில்தான் வேலை. பன்னிரண்டு மணி நேரம் மாஸ்க். காதுக்குப் பின்னால் எலாஸ்டிக் அறுத்துப் புண்ணாகிவிட்டது, அந்தப் புண்ணின் மேலேயே மறுநாள் மறுபடி எலாஸ்டிக்.

“நீ அந்த ஜிமிக்கி செஞ்ச கையாலயே ஏதாவது செய்யேன்டி.”

கனடாவில் ஒரு பன்னிரண்டு வயதுச் சாரணச் சிறுவன் இதற்காக முப்பரிமாண அச்சில் பிளாஸ்டிக் பட்டை செய்து கொடுத்த செய்தி அப்போதுதான் பரவிக்கொண்டிருந்தது. உலகம் முழுக்கக் குரோஷாக்காரிகள் அதையே நூலில் போட்டார்கள். தலைக்குப் பின்னால் ஒரு பட்டை, இரண்டு முனையிலும் பொத்தான், மாஸ்க்கின் எலாஸ்டிக்கைக் காதில் மாட்டாமல் பொத்தானில் மாட்டுவது. அவ்வளவுதான்.

கடை எதுவும் கிடையாது. வீட்டில் இருந்த அக்ரிலிக் நூலில் முதல் பட்டை போட்டு, பழைய சட்டைப் பொத்தான் தைத்துக் கொடுத்தேன். மறுநாளே திரும்பி வந்தது. மூன்று குறை. சட்டைப் பொத்தான் 11 மி.மீ., எலாஸ்டிக் நழுவுகிறது. பட்டை 15 சென்டிமீட்டர், அவள் கொண்டைக்குக் கீழே தொளதொளவென்று நிற்கிறது. ஆஸ்பத்திரித் துணியைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டுத்தான் எடுப்பார்கள். அக்ரிலிக் சூட்டில் ஒருமுறை தளர்ந்தால் பழைய நிலைக்கு வராது.

குற்றாலத்தில் யாரும் எனக்கு இப்படிச் சொல்லவில்லை. பரிசைக் குறை சொல்லக் கூடாது என்று டீச்சர் பாலித்தீன் கவர் மாட்டி வளையலை ஏற்றினாள், பேங்க் அரிப்போடு பஸ் ஏறினாள். இது பரிசு இல்லை, கேட்டு வாங்குகிற சாமான். அதனால் நர்ஸ் வாசல் கேட்டுக்கு வெளியே ஸ்கூட்டரில் இருந்தபடியே, “நீளம், மூணு வெரல் கொறை” என்றாள்.

பருத்தி நூலுக்கும் பெரிய பொத்தானுக்கும் மாமியிடம் போனேன். பிஸ்கட் டப்பா நிறையப் பொத்தான் வைத்திருந்தார். மாமாவின் கோட்டுப் பொத்தான், மகள்களின் பள்ளிச் சீருடைப் பொத்தான், எந்தச் சட்டை என்றே தெரியாத மரப்பொத்தான். 20 மி.மீ.க்கு மேல் இருந்ததை எல்லாம் பொறுக்கினோம், மதில் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்றுகொண்டு. டீப்பாய்த் துணிக்கென்று வைத்திருந்த வெள்ளை நூலை மாமி இரட்டையாகச் சேர்த்துப் போடச் சொன்னார். 12 சென்டிமீட்டர் பட்டை, ஒவ்வொரு பொத்தானும் அடுத்ததோடு ஜோடி சேராமல். அது சரியாக உட்கார்ந்தது.

வார்டில் மற்றவர்களும் கேட்டார்கள். மே கடைசி வரை 46 பட்டை போட்டோம், அதில் 13 மாமி போட்டது. ஒன்றுக்கு இருபது நிமிடத்திலிருந்து இருபத்தைந்து. கூட்டிப் பார்த்தால் 17 மணி நேரம், குற்றாலத்துக்குச் செலவழித்ததில் பாதி. அழகு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. நோட்டில் அந்தப் பக்கத்தில் ‘என்ன ஆனது’ என்ற இடத்தில் நான் எழுதியிருப்பது: தேய்ந்தது 9, தொலைந்தது 6, மற்றது தெரியவில்லை. நர்ஸ் தன்னுடையதை இப்போது ஸ்கூட்டர் சாவியில் கோத்து வைத்திருக்கிறாள்.

இந்த வருடச் சீசனுக்கு மறுபடி குற்றாலம் போகலாம் என்று பேச்சு எழுந்திருக்கிறது. இந்தத் தடவை எதையும் செய்ய ஆரம்பிக்கும் முன், எல்லோருக்கும் ஒரே செய்தி அனுப்பினேன்: வளையல் அளவு என்ன, எந்த உலோகம் ஒத்துக்காது, இப்போது முடி எவ்வளவு, ஏதாவது வேணுமா, வேண்டாமா. வேண்டாம் என்றால் வருத்தமில்லை என்றும் சேர்த்தேன். பெங்களூர்க்காரி ஒரு பதிலில் எல்லாவற்றையும் முடித்துவிட்டாள்: “ஒண்ணும் வேணாம், நீ வா.” மொட்டை அடித்தவள் முடி தோளைத் தாண்டிவிட்டதாகப் படம் அனுப்பினாள்.

டீச்சரின் பதில் கடைசியாக, ராத்திரி பதினொரு மணிக்கு வந்தது.

“ரெண்டு பத்து. சிரிச்சேன்னா தெரியும்.”